வகுப்பறை செல்போன்: காவல் வேலையை ஆசிரியர் தலையில் கட்டாதீர்கள்

மாணவர்கள் பள்ளிக்குச் செல்போன் கொண்டுவரக் கூடாது என்பது நம் ஊருக்குப் புதிய விதி இல்லை. சி.பி.எஸ்.இ. 2009-லேயே இதற்காகத் தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. பள்ளி திறந்த முதல் வாரத்துக் காலை பிரேயரில் மைக்கைப் பிடிக்கும் தலைமை ஆசிரியர்கள் பலர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. சொன்னதோடு சரி. பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையின் பையில் போன் இருப்பது பெற்றோருக்குத் தெரியும், உடன் படிப்பவர்களுக்குத் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும். எப்போதாவது ஒரு வீடியோ வெளியே வந்து பள்ளியின் பெயர் கெடும்போது மட்டும் திடீர்ச் சோதனை நடக்கும், பத்துப் பதினைந்து போன்கள் பிடிபடும், பெற்றோர் வரவழைக்கப்படுவார்கள், பிறகு எல்லாம் பழையபடி நடக்கும். பாட நேரத்தில் செல்போன் கூடாது என்பதில் இங்கே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. அந்த விதியை யார் நிறைவேற்றுவது என்பதில்தான் கோளாறு. இன்றைய நிலையில் அந்த வேலை, பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியரின் தலையில் விழுந்திருக்கிறது. அதை அவரிடமிருந்து எடுத்துப் பள்ளி நிர்வாகத்திடம் கொடுக்காத வரை எந்தத் தடையும் காகிதத்தோடு நின்றுவிடும் என்பது என் வாதம்.

ஒரு பாடவேளையில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இது புரியும். நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். வருகைப்பதிவுக்கு ஐந்து நிமிடம் போய்விடும். கரும்பலகையில் முக்கோணவியல் கணக்கு பாதி வந்திருக்கும்போது மூன்றாவது பெஞ்சில் ஒரு போன் அதிர்கிறது. சத்தம் வராது, மரப் பெஞ்சின் மேல் அந்த உறுமல் மட்டும் கேட்கும். நான்கைந்து தலைகள் திரும்பும். ஆசிரியருக்கு இரண்டே வழிகள். கேட்டும் கேட்காததுபோலக் கணக்கைத் தொடரலாம். அப்படிச் செய்தால் இந்த வகுப்பில் போன் வைத்திருக்கலாம் என்று அறுபது பேருக்கும் அறிவித்ததாகிவிடும். அல்லது நிறுத்தி, “யாருடையது? எடு” என்று கேட்கலாம், கேட்டால் மறுப்பு, சமாதானம், கெஞ்சல், சில நேரம் எதிர்ப்பேச்சு. மீதி நேரம் அதிலேயே கழியும், கணக்கு அடுத்த நாளைக்குப் போகும். இவர் கண்டிப்பானவர், அடுத்த பாடவேளைக்கு வருபவர் கண்டுகொள்ளாதவர் என்றால், கண்டிப்பானவர் கெட்டவராகிவிடுவார். ‘இங்கிலீஷ் சார் ஒண்ணும் சொல்ல மாட்டாரு’ என்ற ஒரு வாக்கியம் போதும், ஒரு பள்ளியின் விதி செத்துப்போக. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023-ன் இறுதியில் எடுத்த கணிப்பில், உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களில் 72 சதவீதம் பேர் மாணவர்களின் செல்போன் கவனச்சிதறல் தங்கள் வகுப்பின் பெரிய பிரச்சினை என்றார்கள். அந்த நாட்டுப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் அப்போதே ஏதாவதொரு செல்போன் விதி இருந்தது. விதி இருந்தும் இந்த நிலை என்றால், விதியின் வடிவத்தில்தான் எங்கோ பிசகு இருக்க வேண்டும்.

‘படிக்கிற பிள்ளை படிக்கும், போன் பார்க்கிறவன் கெட்டுப்போனால் அது அவன் பாடு’ என்று சொல்பவர்கள் உண்டு. இந்த வாதம் நிற்காது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு நடத்தும் ‘பிசா’ தேர்வின் 2022-ஆம் ஆண்டுச் சுற்றில், பதினைந்து வயது மாணவர்களில் 65 சதவீதம் பேர் கணக்கு வகுப்புகளில் சிலவற்றிலாவது தங்கள் மின்னணுக் கருவியால் கவனம் சிதறுவதாகச் சொன்னார்கள். அதைவிட முக்கியமான எண் இன்னொன்று: 59 சதவீதம் பேர், அடுத்தவர் கையிலிருக்கும் கருவியால் தங்கள் கவனம் சிதறுவதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களின் கணக்கு மதிப்பெண், அந்தத் தொல்லையே இல்லாதவர்களைவிடச் சராசரியாக 15 புள்ளி குறைவு. இந்தியா அந்தச் சுற்றில் பங்கேற்கவில்லை, எனவே இது நம் பிள்ளைகளைப் பற்றிய எண் இல்லை. ஆனாலும் நான்கு பேர் நெருக்கியடித்து உட்காரும் நம் பெஞ்சில் பக்கத்துத் திரை இன்னும் பக்கத்தில் இருக்கிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. போனைக் கையிலேயே தொடாத மாணவியும் இதில் நஷ்டப்படுகிறாள். மூடிய பேருந்தில் ஒருவர் பற்றவைக்கும் பீடியை அவருடைய சொந்த விஷயம் என்று நாம் விடுவதில்லை அல்லவா?

சரி, போனை எடுத்துவிட்டால் மதிப்பெண் கூடுமா? இங்கே ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. அதை மறைத்து எழுதுபவர்கள் நல்ல வழக்கைக் கெடுக்கிறார்கள். இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளை எடுத்து லூயி-பிலிப் பெலாண்ட், ரிச்சர்ட் மர்ஃபி என்ற இரு பொருளியலாளர்கள் செய்த ஆய்வு 2016-ல் வெளியானது. போனைத் தடுத்த பள்ளிகளில் பதினாறு வயதுத் தேர்வு முடிவுகள் மேம்பட்டிருந்தன. சராசரியாகப் பார்த்தால் சிறிய முன்னேற்றம். ஆனால் வகுப்பின் கடைசிக் கால்பங்கில் இருந்த மாணவர்களுக்குக் கிடைத்த பலன் அந்தச் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல்; முதல் வரிசை மாணவர்களுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஸ்வீடனில் அதே முறையில் 2020-ல் செய்து பார்த்தபோது எந்தப் பலனும் தென்படவில்லை. நார்வேயில் சாரா ஆப்ரஹாம்சன் செய்த ஆய்வில் மீண்டும் பலன் தெரிந்தது, அதுவும் மாணவிகளுக்கும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் கூடுதலாக. ஒரே கண்டத்தில் மூன்று விதமாக முடிவு வருகிறதே என்று கையை விரித்துவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. நார்வே ஆய்வில் பலரும் தாண்டிப்போகிற ஒரு செய்தி இருக்கிறது. ‘சைலண்டில் போட்டு வைத்துக்கொள்’ என்று சொன்ன பள்ளிகளைவிட, காலையிலேயே போனை ஒப்படைக்கச் சொன்ன பள்ளிகளில் பலன் அதிகம். ‘தடை’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. மாணவரின் பைக்குள் போன் இருக்கும் ஏற்பாட்டில், எடுக்கலாமா வேண்டாமா என்ற போராட்டம் நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறது. போன் அலுவலக அலமாரியில் இருந்தால் அந்தப் போராட்டத்துக்கே இடமில்லை.

நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய சான்று ஒன்று அண்மையில் கிடைத்திருக்கிறது. 2025-ல் வெளியான ஆய்வறிக்கை அது. அல்ப் சுங்கு, ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பிரதீப் குமார் சௌத்ரி, ஆந்திரெயாஸ் பியெரே-நீல்சன் ஆகிய மூவர் இந்தியாவின் பத்து உயர்கல்வி நிறுவனங்களில் சுமார் 17,000 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் வகுப்பு தொடங்கும் முன்பே போனை வாங்கி வைத்துவிட்டார்கள். இன்னொரு பிரிவு வழக்கம்போல் நடந்தது. போன் வாங்கப்பட்ட பிரிவில் மதிப்பெண் உயர்ந்தது. உயர்வு பெரிதில்லை, ஆனால் அது முக்கியமாகப் பின்தங்கியவர்களுக்கும் முதலாண்டு மாணவர்களுக்கும் அறிவியல் சாராத பாடம் படித்தவர்களுக்கும் கிடைத்தது. முன்னறிவிப்பின்றி வகுப்புகளைப் பார்வையிட்டபோது வெட்டிப்பேச்சும் சலசலப்பும் குறைந்திருந்தன. போனை ஒப்படைத்துப் பழகியவர்களே, பிறகு கேட்டபோது, இந்தக் கட்டுப்பாட்டுக்கு மற்றவர்களைவிட அதிக ஆதரவு தெரிவித்தார்கள். கல்லூரி மாணவர்களைப் பற்றிய முடிவைப் பள்ளிக்கு அப்படியே தூக்கிப் பொருத்த முடியாது என்பது நியாயமான எச்சரிக்கைதான். பதினெட்டு வயதுக்காரருக்கே இது உதவுகிறது என்றால் பதினைந்து வயதுக்காரருக்கு உதவாமல் போக என்ன காரணம் இருக்கும் என்று எதிர்க்கேள்வி கேட்கவும் இடமிருக்கிறது. எப்படியும் அந்த ஆய்வின் ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது ஒன்று: யாரும் யாரையும் பிடிக்கவில்லை. எல்லாருடைய போனும் வாங்கப்பட்டது, எல்லாருக்கும் திருப்பித் தரப்பட்டது.

அதேசமயம் இந்தக் கட்டுப்பாட்டின் மேல் ஏற்ற முடியாத சுமையையெல்லாம் ஏற்றக் கூடாது. பிள்ளைகளின் மனச்சோர்வு, தூக்கமின்மை, இரவெல்லாம் ரீல்ஸ் பார்ப்பது எல்லாவற்றுக்கும் பள்ளி வாசலில் போனை வாங்கி வைப்பதே மருந்து என்று பேசும் அரசியல்வாதிகள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் 30 பள்ளிகளைச் சேர்ந்த 1,227 மாணவர்களை ஒப்பிட்டு 2025-ல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பேச்சின் மேல் தண்ணீர் ஊற்றியது. போனைத் தடுத்த பள்ளிகளின் மாணவர்களுக்கும் அனுமதித்த பள்ளிகளின் மாணவர்களுக்கும் மனநலத்தில் வேறுபாடு இல்லை. ஒரு நாளில் மொத்தமாகப் போனில் கழிக்கும் நேரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பள்ளியில் விட்டதை வீட்டில் பிடித்துவிடுகிறார்கள். மொத்த நேரம் கூடக்கூட மனநலமும் தூக்கமும் கெடுகின்றன என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆக, வீட்டுப் பிரச்சினை வீட்டில்தான் தீரும். பள்ளி தன் கையில் இருக்கும் ஏழு மணி நேரத்துக்கு மட்டுமே பொறுப்பேற்க முடியும். அந்த ஏழு மணி நேரம் பாடத்துக்காக இருக்க வேண்டும் என்பதே போதுமான காரணம். அதற்கு மேல் வாக்குறுதி கொடுத்தால், அடுத்த ஆய்வு வந்து பொய்யாக்கும்போது நல்ல விதியும் சேர்ந்து அடிபடும்.

தடையைத் தப்பாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் நகரத்தைப் போலப் பாடம் தரும் ஊர் வேறில்லை. மேயர் மைக்கேல் புளூம்பெர்க் காலத்தில், 2006-ல் அந்த நகரம் பள்ளிக்குள் செல்போன் வருவதற்கு இருந்த தடையைக் கெடுபிடியாக அமல்படுத்தியது. போனை வாங்கிப் பாதுகாக்க நகரம் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. கொண்டுவராதே என்பது மட்டும்தான் உத்தரவு. உலோகச் சோதனைக் கருவி இல்லாத பள்ளிகளில், அதாவது ஓரளவு வசதியான பகுதிகளில், மாணவர்கள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு சாதாரணமாக உள்ளே போனார்கள், யாரும் கேட்கவில்லை. உலோகச் சோதனைக் கருவி வைக்கப்பட்டிருந்த பள்ளிகளில், பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகளும் கறுப்பின, லத்தீன் பிள்ளைகளும் படித்த இடங்களில், போன் வாசலிலேயே பிடிபட்டது. உடனே ஒரு புதிய வியாபாரம் முளைத்தது. பள்ளிக்கு எதிரே வண்டியை நிறுத்தி, நாளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு போனைப் பத்திரப்படுத்தித் தரும் வியாபாரம். காலையில் வரிசை, மாலையில் வரிசை. ஆண்டுக்கு ஏறக்குறைய 180 பள்ளி நாட்கள் என்று வைத்தால், ஒரு ஏழைக் குடும்பம் ஒரு பிள்ளைக்கு 180 டாலரை அந்த வண்டிக்காரருக்குக் கொடுத்தது. நகரத்தின் விதிக்கான செலவை நகரத்திலேயே வசதி குறைந்தவர்கள் கட்டினார்கள். 2015-ல் மேயர் பில் டி பிளாசியோ தடையை நீக்கியபோது இந்த ஏற்றத்தாழ்வும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நீக்கிவிட்டு, ஒவ்வொரு பள்ளியும் தன் விருப்பப்படி விதி செய்துகொள்ளட்டும் என்று விட்டார்கள். பத்தே ஆண்டுகளில், 2025 செப்டம்பரில், நியூயார்க் மாநிலம் முழுக்க முதல் மணி முதல் கடைசி மணி வரை போன் கூடாது என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. தடை, தளர்வு, மறுபடி தடை என்று ஊசல் ஆடியதுபோல் தோன்றினாலும் இரண்டு தடைகளும் ஒன்று இல்லை. புதிய சட்டத்தில், போனை வைக்க இடம் செய்து தருவது பள்ளியின் கடமை; அதற்கு அரசு பணம் ஒதுக்கியிருக்கிறது. அவசரத்தில் பெற்றோர் பிள்ளையைத் தொடர்புகொள்ளப் பள்ளி ஒரு வழியை வைத்திருக்க வேண்டும். போன் வைத்திருந்த ஒரே காரணத்துக்காக எந்த மாணவரையும் இடைநீக்கம் செய்யக் கூடாது.

அந்தக் கடைசி விதி சும்மா சேர்க்கப்பட்டதில்லை. அமெரிக்காவில் மாநில அளவில் முதலில் சட்டம் போட்ட ஃப்ளோரிடாவில், டேவிட் ஃபிக்லியோ, உமுத் ஓசெக் இருவரும் ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தின் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2025-ல் வந்தது. தடை வந்த முதல் ஆண்டில் இடைநீக்கங்கள் எகிறின. கறுப்பின மாணவர்களே அதிகம் மாட்டிக்கொண்டார்கள். இரண்டாம் ஆண்டில் இடைநீக்கங்கள் பழைய அளவை நோக்கி இறங்கின, தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்தன, காரணமில்லாமல் விடுப்பு எடுப்பதும் குறைந்தது. முடிவு நல்லதுதானே என்று திருப்தி அடையலாம். ஆனால் அந்த முதல் ஆண்டில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு திரும்பக் கிடைக்காது. ‘பிடித்துத் தண்டி’ என்ற முறை, பிடிப்பவரின் கண் யார் மேல் விழுகிறதோ அவரைத்தான் தண்டிக்கும். நம் வகுப்பறையில் அது யார் மேல் விழும் என்று விளக்க வேண்டியதில்லை. கடைசி பெஞ்ச் எங்கே இருக்கிறது, அதில் யார் உட்காருகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. நியூயார்க் மாணவரின் போன் அவருடையது. நம் கிராமத்துப் பள்ளி மாணவரின் பையிலிருந்து பிடுங்கப்படும் போன் பல நேரம் குடும்பத்தின் போன். அம்மாவின் வங்கிக் கணக்கு அந்த எண்ணில்தான் இணைந்திருக்கிறது. நூறுநாள் வேலைக் கூலி ஏறிய குறுஞ்செய்தி அதில்தான் வரும், சிலிண்டர் பதிவும் கடைக்காரருக்கு அனுப்பும் ஜிபேயும் அதில்தான். ‘பறிமுதல் செய்த போன் ஆண்டு இறுதியில்தான் திரும்பத் தரப்படும்’ என்று மிரட்டும் பள்ளி, பையனைத் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டு அவன் அம்மாவின் கைப்பையைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அவர் பள்ளிக்கு வந்து, நாற்காலி கூடத் தரப்படாமல் நின்று, கெஞ்சி வாங்கிப் போக வேண்டும். எல்லார் முன்னிலையிலும் பையைக் கொட்டிப் பார்ப்பது, போனைத் திறந்து உள்ளே இருக்கும் படங்களைப் பார்ப்பது போன்றவற்றையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பதினாறு வயதில் நண்பர்கள் எதிரே அடையும் அவமானம் எவ்வளவு ஆழம் போகும் என்பதை நாளிதழ் வாசிப்பவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. இந்த முறைகளையெல்லாம் கைவிட்டுவிட்டுத்தான் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசும் தகுதி பள்ளிக்கு வரும்.

மாற்று ஏற்பாடு ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் ஒரு வழக்கில் சொன்ன நெறிமுறைகளே அதற்கு நல்ல சட்டகம். பள்ளிக்குப் போனே கொண்டுவரக் கூடாது என்ற முழுத் தடை நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் வகுப்பறையில் பயன்படுத்தக் கூடாது. முடிந்த இடங்களில் காலையில் ஒப்படைத்து மாலையில் வாங்கிப் போகும் ஏற்பாடு வேண்டும். பள்ளிக்குள் படம்பிடிப்பதற்கும் பதிவு செய்வதற்கும் இடமில்லை என்றது நீதிமன்றம். வகுப்புக்கு ஒரு மரப்பெட்டி, வருகைப்பதிவேட்டு எண்ணுக்கு ஒரு அறை, வகுப்புத் தலைவரும் அலுவலக உதவியாளரும் சேர்ந்து முதல் மணிக்கு முன் பெட்டியைப் பூட்டி அலுவலகத்தில் வைப்பது, கடைசி மணிக்குத் திறப்பது. அமெரிக்காவில் காந்தப் பூட்டுப் போட்ட துணிப்பைகளை இதற்காகவே விற்கும் நிறுவனம் இருக்கிறது. அந்தப் பைக்குள் பழைய செத்த போனைப் போட்டுவிட்டு நல்ல போனைக் கையில் வைத்துக்கொள்ளும் வித்தையை அங்குள்ள பிள்ளைகள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். நாம் அவ்வளவு செலவு செய்ய வேண்டாம், தச்சர் போதும். ஆனால் பெட்டியைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: வாங்கி வைத்த போன் தொலைந்தாலோ உடைந்தாலோ யார் பொறுப்பு? இன்று தலைமை ஆசிரியர்கள் போனை வாங்கி வைக்கத் தயங்குவதற்கு உண்மையான காரணம் இதுதான். ‘வைத்துக்கொண்டால் வம்பு’ என்று ஒதுங்குகிறார்கள். பள்ளிக் கல்வித்துறை இந்தப் பொறுப்பை எழுத்தில் ஏற்று, சேதத்துக்கு ஈடு தரச் சிறு நிதியும் ஒதுக்காமல் வெறும் சுற்றறிக்கை அனுப்பினால், நியூயார்க்கின் 2006 இங்கே மறுபடி நடக்கும். பிடிபட்டாலும் தண்டனை எளிமையாக இருக்கட்டும்: அன்று மாலை போன் கையில் கிடைத்துவிட வேண்டும், திரும்பத் திரும்ப நடந்தால் பெற்றோரிடம் பேச வேண்டும். அவ்வளவே.

பெற்றோரின் முதல் கேள்வி அவசரத்தைப் பற்றியது. அதை அலட்சியப்படுத்த முடியாது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பக்கத்து ஊருக்கோ நகரத்துக்கோ பஸ் ஏறிப் போகும் பிள்ளைகள் ஏராளம். கடைசி டவுன் பஸ்ஸைத் தவறவிட்டால் இருட்டிவிடும். சிறப்பு வகுப்பு முடிந்து தனியாக நிற்கும் மகளிடம் போன் இருக்கிறது என்பது ஒரு தாய்க்குப் பெரிய ஆறுதல். கொண்டுவரவே கூடாது என்ற தடையை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். மாலை வாசலைத் தாண்டும்போது போன் கையில் இருக்கும். காலையில் வரும் வழியிலும் இருக்கும். இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், அந்தச் செய்தி வகுப்பின் நடுவே வாட்ஸ்அப்பில் வந்து பிள்ளை தனியாகப் படிப்பதைவிட, அலுவலகத்துக்கு வந்து ஓர் ஆசிரியர் பக்கத்தில் நின்று சொல்வது நல்லது. அதற்கு அலுவலகத்தில் எடுக்கப்படும் ஒரு போன் வேண்டும், அந்த எண் எல்லாப் பெற்றோரிடமும் இருக்க வேண்டும். அடித்தால் எடுக்க ஆள் இல்லாத எண்ணைக் கொடுத்துவிட்டு ‘பள்ளியைத் தொடர்புகொள்ளுங்கள்’ என்றால் பெற்றோர் எப்படி நம்புவார்கள்?

உரிமையைப் பற்றிய கேள்வியும் வருகிறது. கல்லூரி விடுதியில் மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை மாணவிகள் போன் வைத்திருக்கக் கூடாது என்ற விதியை எதிர்த்த வழக்கில், இணைய அணுகல் கல்வி உரிமையின், அந்தரங்க உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. மிக நல்ல தீர்ப்பு. விடுதியில் வயதுவந்த பெண்ணின் சொந்த நேரத்தை நிர்வாகம் பறித்த வழக்கு அது. அந்த நேரத்தில் அவர் படிக்கவும் போனைத்தான் நம்பியிருந்தார். நாற்பது நிமிடப் பாடவேளையில் எல்லாருடைய போனும் ஒரே மாதிரி பெட்டிக்குள் போவது வேறு. இருந்தாலும் அந்தத் தீர்ப்பிலிருந்து பள்ளிகள் கற்க வேண்டியது உண்டு: ‘பெண் பிள்ளைக்கு எதற்குப் போன்’ என்ற மனநிலை ஒழுங்கு என்ற பெயரில் உள்ளே நுழையக் கூடாது. 2024 ‘அசர்’ ஆய்வின்படி ஊரகப் பகுதிகளில் ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பையன்களில் 36 சதவீதம் பேரிடம் சொந்தப் போன் இருந்தது. பெண் பிள்ளைகளிடம் 27 சதவீதம்தான். பெட்டியில் எல்லாப் போனும் சமம் என்றால், ‘நீ ஏன் வைத்திருக்கிறாய்’ என்று மாணவியிடம் மட்டும் கேட்கும் பள்ளிக்கு அந்தப் பெட்டியே பதில் சொல்லும்.

போனைப் பிடுங்குவதைவிடச் சுயக்கட்டுப்பாட்டைக் கற்றுக்கொடுங்கள் என்பது படித்தவர்கள் வழக்கமாக வைக்கும் வாதம். கேட்க அழகாக இருக்கிறது. பிசா தேர்வு எழுதியவர்களில் 45 சதவீதம் பேர், போன் பக்கத்தில் இல்லாவிட்டால் பதற்றமாக இருப்பதாகச் சொன்னார்கள். உலகத்தின் மிகத் திறமையான பொறியாளர்கள் உட்கார்ந்து, விடாமல் பார்க்க வைப்பதற்கென்றே வடிவமைத்த ஒரு பொருளை எதிர்த்துப் பதினைந்து வயதுப் பிள்ளை தன் மனவுறுதியால் மட்டும் ஜெயிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பெரியவர்கள் கூட்டங்களில் நம் கதை எப்படி என்று பார்த்தாலே தெரியும். சுயக்கட்டுப்பாடு பழகுவதற்கு மாலையும் விடுமுறையும் இருக்கின்றன. பாடத்துக்குத் தொழில்நுட்பம் வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். பள்ளியில் கற்றலுக்காக நாளுக்கு ஒரு மணி நேரம் வரை கருவியைப் பயன்படுத்திய மாணவர்கள், அறவே பயன்படுத்தாதவர்களைவிடக் கணக்கில் 14 புள்ளி கூடுதலாகப் பெற்றதை அதே பிசா காட்டுகிறது. ஆனால் அந்தக் கருவி மாணவரின் இன்ஸ்டாகிராம் இருக்கும் போனாக இருக்க வேண்டிய அவசியமில்லை. தமிழ்நாட்டின் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ‘ஹைடெக் லேப்’ இருக்கிறது. பாடப்புத்தகத்தின் கியூஆர் கோடை ஆசிரியர் திறந்து திரையில் காட்டினால் வகுப்பே பார்க்கும். ஒரே பாடத்தை அறுபது பேரும் அறுபது போன்களில், அவரவர் டேட்டாவில், பக்கத்தில் நோட்டிஃபிகேஷன் விழ விழப் பார்ப்பதில் கல்வி எங்கே கூடிவிடுகிறது? ஊரகத்தில் ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில், மேலே சொன்ன அசர் ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் போனைப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக வலைத்தளத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். பார்வைக் குறைபாடு உள்ள, சர்க்கரை அளவைப் போனில் கண்காணிக்க வேண்டிய, கேட்கும் கருவியைப் போனோடு இணைத்திருக்கும் மாணவர்களுக்கு விலக்கு வேண்டும் என்பதில் பேச்சுக்கே இடமில்லை. அதையும் பிள்ளை ஒவ்வோர் ஆசிரியரிடமும் விளக்கிக்கொண்டிருக்காமல் ஆண்டுத் தொடக்கத்திலேயே பள்ளி எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

மிச்சமிருப்பது பெரியவர்களின் போன். மேலே சொன்ன இந்திய ஆய்வில், மாணவர்களின் போன் பெட்டிக்குப் போனபிறகு ஆசிரியர்களும் வகுப்பில் போனைத் தொடுவது குறைந்தது, பாடம் நடத்துவதில் ஈடுபாடு கூடியது என்று ஒரு குறிப்பு இருக்கிறது. ஆந்திரப் பிரதேசம் 2023-ல் பள்ளிகளில் மாணவர்களுக்குத் தடை போட்டபோது ஆசிரியர்களின் பயன்பாட்டையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. நம் ஆசிரியர்களைக் கேட்டால், ‘எங்களுக்கு ஆசையா? வருகைப்பதிவே செயலியில்தான் போட வேண்டியிருக்கிறது’ என்பார்கள், அது உண்மை. காலை வருகைப்பதிவிலிருந்து நலத்திட்டக் கணக்கு வரை எல்லாவற்றையும் துறை அவர்களின் சொந்தப் போனில், சொந்த டேட்டாவில் ஏற்றச் சொல்கிறது; பாடத்தின் நடுவே ‘உடனே அனுப்பவும்’ என்று குழுவில் செய்தி போடுவதும் துறைதான். செயலி வேலைகளை ஒரு குறித்த நேரத்துக்கு, முடிந்தால் ஒரு எழுத்தரிடம், ஒதுக்கினால் ஆசிரியரின் போனும் அதே பெட்டிக்குப் போகலாம். அதேபோல, பகலில் போனைப் பூட்டி வைக்கும் பள்ளி, மாலை ஆறு மணிக்கு வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகிறது. கொரோனா காலத்தில் வேறு வழியில்லாமல் தொடங்கிய பழக்கம், வழி வந்தபிறகும் தொடர்கிறது. வீட்டுப்பாடம் பார்க்கத்தான் போன் கேட்கிறேன் என்று பிள்ளை சொல்லும்போது எந்தத் தாயாலும் மறுக்க முடியாது. பிறகு போன் எப்போது திரும்பக் கைக்கு வரும் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. அடுத்த கல்வியாண்டுக்கு அனுப்பப்போகும் சுற்றறிக்கையில் பெட்டிக்கும் சேதத்துக்குமான நிதியோடு இன்னொரு வரியையும் துறை சேர்த்துக்கொள்ளலாம்: வீட்டுப்பாடம் கடைசிப் பாடவேளையில் கரும்பலகையில் எழுதப்பட வேண்டும், மாணவர்கள் டைரியில் குறித்துக்கொள்ள வேண்டும், வாட்ஸ்அப் குழு விடுமுறை அறிவிப்புக்கு மட்டும்.